‘ஃபாரே’யும் பூனாகலையின் ‘போடு’வும்: ஓர் ஒப்பிலக்கண ஆய்வு

இத்தாலிய மொழியில் ‘ஃபாரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘செய்தல்’ என்று பொருள் சொல்லிவிட்டு அகராதி ஒதுங்கிக்கொள்ளும். இத்தாலிக்காரரோ காலைச் சாப்பாடு, குளியல், படம் பிடிப்பது, காருக்குப் பெட்ரோல் அடிப்பது எல்லாவற்றையும் ‘ஃபாரே’யாலேயே முடித்துவிடுவார். குளிரடித்தால் ‘ஃபா ஃப்ரெத்தோ’, குளிர் செய்கிறதாம். யார் செய்கிறார் என்று கேட்கக்கூடாது.

இதன் உடன்பிறப்பு இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமான பூனாகலையில் இருக்கிறது: ‘போடு’. உரம் போடலாம், பாய் போடலாம், சண்டை போடலாம், சங்கத்துக்குச் சந்தா போடலாம். இவையெல்லாம் சில்லறை. ஆய்வுக்குரியது ‘பேர் போடுதல்’.

தோட்டத்தில் ஒருநாள் கூலிக்குப் பேர் என்று பேர். 2021இல் அது 1000 ரூபாயானது. தராசில் கொழுந்துச் சாக்கு தொங்கும். முள் ஆடி நிற்குமுன்னே கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்வார். ஈரத்துக்கும் சாக்குக்கும் இரண்டு மூன்று கிலோ வெட்டுவார். பதினெட்டு கேட்கும் இடத்தில் பதினேழு நின்றால் அரைப்பேர்.

“ஐயா, ஒரு கிலோதானே?”

“அரைப்பேர்தான் போடலாம்.”

கவனிக்க: கொழுந்து எடுத்தவள் ‘பேர் போட்டேன்’ என்று சொல்ல இலக்கணம் இடந்தராது. இத்தாலிய மொழியில் ‘ஃபாச்சோ’ (செய்கிறேன்) என்ற ஒரே சொல்லுக்குள் ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது. இங்கே தன்மை ஒருமை கணக்கப்பிள்ளைக்கே உரியது. அவளுக்குப் பேர் ‘விழும்’, அவ்வளவுதான்.

ஃபாரேக்கு இன்னொரு சாமர்த்தியம்: வேறொரு வினைக்கு முன்னால் நின்றால் பிறவினை, அதாவது செய்வித்தல். தோட்டத் துரை வெளிக்கள அதிகாரியான கண்டாக்கையாவை ஏவ, அவர் கணக்கப்பிள்ளையை ஏவ, அவர் கங்காணியை ஏவ, மேமலையில் ஒருத்தி கொழுந்து கிள்ளுகிறாள். இதை இத்தாலிய மொழியில் சொல்ல எத்தனை ஃபாரேயை அடுக்குவது? பக்கத்துத் தம்பேதென்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கிய லிப்டன் தேயிலை செய்தார் என்று எழுதுகிறார்கள். பிழை. செய்வித்தார்.

இரு வினைகளையும் எடைபோடத் தகுந்தவர் ஒருவர்தான்: 1730இல் தொன்னூல் விளக்கம் என்ற தமிழ் இலக்கணம் எழுதிய இத்தாலியர் வீரமாமுனிவர். தோட்டங்கள் வருமுன்பே போய்விட்டார்; விதி எழுத ஆளில்லை.

விதிவிலக்கு ஒன்று கிடைத்தது. தேர்தலன்று கொழுந்து எடுப்பவள் ‘ஓட்டுப் போட்டேன்’ என்பாள். சுத்தமான தன்மை ஒருமை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தை அடுத்து அந்த வாக்கியமும் மலையகத் தமிழரில் பெரும்பாலோருக்குப் பறிபோனது. குடியுரிமையற்று எஞ்சியோருக்கு வழிவிட்ட சட்டம் வந்த ஆண்டு 2003.