உள்ளதான் இருக்குது!

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளியைப் பற்றிக் கதை உண்டு. கட்டிங் மாஸ்டரைப் பற்றி உண்டு. மெர்ச்சண்டைசரைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். கோரல் அண்ணனைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. காதர்பேட்டையில் ஒருவர், பி.என். ரோட்டில் ஒருவர், பெருமாநல்லூர்ப் பக்கம் ஒருவர் என்று ஏரியாவுக்கு ஒரு கோரல் அண்ணன் இருந்தே தீருவார்.

அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு பிரிண்டிங் யூனிட். பையர் அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் கோரல் டிராவுக்குள் ஏற்றி, கலர் கலராகப் பிரித்து, கலருக்கு ஒரு ஃபிலிம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்வார்கள். இதற்குச் செப்பரேஷன் என்று பேர். அண்ணனுக்குப் படம் வரைய வராது. மயில் வரையச் சொன்னால் கோழி வரும், அதற்கும் கழுத்து இருக்காது. ஆனால் எந்த டூல் எந்த மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஊருக்கு வேண்டியது அதுதான்.

காலை ஒன்பதரைக்குப் போன் ஆரம்பிக்கும்.

"அண்ணா, டூலைக் காணோங்ணா."

"எந்த டூலு?"

"எல்லாத்தையுங் காணோங்ணா. படம் மட்டுந்தான் தெரியுது."

"போட்டோஷாப்பா? கீபோர்டைத் தொடச்சியா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "டீ சிந்திருச்சுங்ணா."

"டேப் கீய ஒருக்கா தட்டு."

"வந்துருச்சுங்ணா!"

போட்டோஷாப்பில் டேப் கீயைத் தட்டினால் டூல்பாரும் பேனல்களும் மொத்தமாக மறைந்துவிடும், இன்னொரு தட்டு தட்டினால் திரும்பி வரும். ஆட்டோகேடில் கன்ட்ரோலும் பூஜ்யமும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். கோரல் டிராவில் எஃப் 9. படத்தைப் பெரிதாகப் பார்க்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு வைத்த வசதிகள் இவை. திருப்பூரில் இவற்றை உபயோகிப்பது பெரும்பாலும் துடைக்கிற துணிதான். அண்ணன் அதனால்தான் கம்ப்யூட்டரை விசாரிப்பதில்லை, ஆளை விசாரிப்பார். "நைட்டு யாரு உக்காந்தா?" என்று கேட்டாலே பாதிக் கேஸ் முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அவரே வண்டியில் வர வேண்டும். டிசைன் படித்துவிட்டு அப்போதுதான் சேர்ந்த தம்பி ஒருவன். பேனாவால் டேப்லெட்டில் கிறுக்கினால் கோடு தானாக நேர்த்தியாகிவிடும் லைவ் ஸ்கெட்ச் டூலை வீடியோவில் பார்த்துவிட்டு, கோரல் டிராவில் அதைத் தேடிக் களைத்திருப்பான். அண்ணன் வந்து ஃப்ரீஹேண்ட் டூலின் மூலையில் இருக்கும் குட்டி முக்கோணத்தை அழுத்திப் பிடிப்பார். உள்ளே அடுக்கியிருக்கும் டூல்கள் வரிசையாக வெளியே வரும். அதில் இல்லை. ஹெல்ப் மெனுவுக்குப் போவார், வெர்ஷனைப் பார்ப்பார். எக்ஸ் 7.

"தம்பி, இது 2014-ல வந்தது. நீ தேடறது 2017-லதான் வந்துச்சு. பொறக்காத புள்ளையத் தேர்த்திருவிழாவுல தேடுனா எப்படி சாமி கெடைக்கும்?"

புது வெர்ஷன் வாங்கலாமா என்று தம்பி முதலாளியைப் பார்ப்பான். "இதுல டி-சர்ட் பிரிண்ட் ஆகுதல்ல?" என்பார் முதலாளி. கேஸ் தள்ளுபடி.

ஆட்டோகேட் ஆட்களின் துக்கம் தனி. பழைய மெனுக்களை மறைத்துவிட்டு 2009 பதிப்பில் ரிப்பன் வந்தது. மெனுபார் என்று டைப் அடித்து 1 போட்டால் மெனு திரும்பும் என்ற ரகசியத்தால் கொஞ்சநாள் பிழைத்தார்கள். 2015 பதிப்பில் கிளாசிக் என்ற பழைய முகத்தையே எடுத்துவிட்டார்கள். கையால் கிறுக்குகிற ஸ்கெட்ச் கட்டளைக்கு ரிப்பனில் பட்டனே கிடையாது. ஆங்கிலத்தில் ஸ்கெட்ச் என்று ஆறெழுத்து அடித்து என்டர் தட்டினால் அது பாட்டுக்கு வந்து நிற்கும். 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரையும் புரோகிராமில் ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போட்டார்கள், கட்டளை கொடுக்கப் பக்கத்திலேயே நிஜப் பட்டன்கள் இருந்தன. நிஜப் பட்டன் எங்கே ஓடி ஒளியும்? அந்தக் காலத்தில் அண்ணனுக்கு வேலை இருந்திருக்காது.

பேட்டர்ன் ரூம் பக்கம் அண்ணன் தலைவைத்துப் படுக்கமாட்டார். அது ஜெர்பர், லெக்ட்ரா என்ற பேட்டர்ன் சாஃப்ட்வேர்களின் ராஜ்ஜியம். எது உசத்தி என்று இரண்டு பேட்டர்ன் மாஸ்டர்கள் பேக்கரியில் சண்டை போட்டால் டீ ஆறிப்போகும். 2021-ல் ஜெர்பரை லெக்ட்ராவே வாங்கிவிட்டது. சண்டை என்னவோ இன்னும் நிற்கவில்லை.

அண்ணனிடம் ஒரு பிரம்மாஸ்திரமும் உண்டு. எஃப் 8-ஐ அழுத்திக்கொண்டே கோரல் டிராவைத் திறந்தால், தொலைந்த டூலெல்லாம் கம்பெனியிலிருந்து வந்த புதிதில் இருந்த மாதிரி வந்து உட்கார்ந்துவிடும். கூடவே, அந்த சீட்டில் இருக்கும் சீனியர் டிசைனர் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த ஷார்ட்கட்டெல்லாம் போய்விடும். மறுநாள் காலை சீனியரிடமிருந்து போன்: "அண்ணா, என்ற ஷார்ட்கட்டைக் காணோங்ணா. எவனோ கை வெச்சுட்டான்." எவன் என்று அண்ணன் சொல்லமாட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். மனிதர் யாருக்கும் கற்றுக்கொடுக்கமாட்டார். "நீ நகுரு" என்று மவுஸைப் பிடுங்குவார், நாலு கிளிக், டூல் வந்துவிடும். எப்படிங்ணா என்று கேட்டால், "எங்கயும் போகல, உள்ளதான் இருந்துச்சு" என்பார். கற்றுக்கொடுத்துவிட்டால் அப்புறம் போன் யார் செய்வார்கள்?

இந்த வேலைக்கு அவர் கையில் காசு வாங்கியதில்லை, ஒருவரும் கொடுத்ததும் இல்லை. ஒரு டீ, ஒரு பப்ஸ், அவ்வளவுதான். ஃபிலிம் தாமதமானால் பிரிண்ட் தாமதம், பிரிண்ட் தாமதமானால் தையல் தாமதம், தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டால் சரக்கு விமானத்தில் ஏற வேண்டும், அந்தச் செலவு எக்ஸ்போர்ட்டர் தலையில். இத்தனையையும் நாலு கிளிக்கில் தடுத்த ஆளுக்குப் பப்ஸ் கொடுத்துக் கணக்கை முடிக்கும் தொழில் வேறெங்கும் இருக்காது.

ஆகவே முதலாளிமார்களே, அடுத்த தடவை அவர் வந்து போகும்போது பெட்ரோலுக்காவது ஏதாவது கொடுத்தனுப்புங்கள். டிசைனர் தம்பிகளே, நீங்கள் அவருக்குப் போன் போடுவதற்கு முன்னால் டேப் கீயை ஒருக்கா தட்டிப் பாருங்கள்.