பத்துக் குடம் தண்ணீரும் ஒரு கரடிப் பெட்டியும்

முகப்பேரில் எங்களுக்கு ஒரு வீடு, ஃப்ரீமாண்ட்டில் மகளுக்கு ஒரு வீடு. இது போதாதென்று சனி, ஞாயிறுக்கு மட்டும் இன்னொரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார் மாப்பிள்ளை. அதற்கு ஆறு சக்கரம் இருந்தது.

மோட்டார்ஹோம் என்கிறார்கள். இருபத்தைந்து அடி நீளம். அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், கழிவறை எல்லாம் உள்ளேயே. கலிபோர்னியாவில் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே இந்த அளவு வண்டியை ஓட்டலாமாம், தனிப் பரீட்சை கிடையாதாம். மாப்பிள்ளை இதைப் பெருமையாகச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தன் சீட் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

டிரைவர் தலைக்கு மேலே ஒரு பரண். நம் வீடுகளில் பரணில் பித்தளை அண்டா இருக்கும்; இங்கே மாமனாரை ஏற்றிவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையைக் கீழே இறக்கினால் அது கட்டில். அது எனக்கும் பேத்திக்கும். இரண்டரை வயசுப் பிள்ளை சாப்பிட்ட இடத்திலேயே படுப்பது என்றால் என்ன என்பதை என் முதுகு நன்றாக அறியும். காய்ந்த சோற்றுப் பருக்கைக்கு அப்படியொரு கூர்மை உண்டு.

போன இடம் யோசமிட்டி தேசியப் பூங்கா. அப்பர் பைன்ஸ் என்ற முகாமில் இடம் கிடைப்பது தட்கல் டிக்கெட் மாதிரி. மாசக்கணக்கில் முன்னாலேயே, காலை ஏழு மணிக்குத் திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மெர்செட் ஆற்றை ஒட்டிய 140-ஆம் எண் சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு இழுப்பறை தானாகத் திறந்து, அடுத்த வளைவில் தானாக மூடியது. சீட்டில் கட்டிப் போட்டிருந்த பேத்தி ஒவ்வொன்றுக்கும் கை தட்டினாள்.

முகாம் வாசலில் ஒரு விதித்தாள் கொடுத்தார்கள். ஜெனரேட்டர் ஓட்டலாம், ஆனால் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டும். கரண்ட் இணைப்பு அந்த முகாமில் கிடையாது. மற்ற நேரம் பேட்டரியில் விளக்கு எரியும், ஏ.சி., மைக்ரோவேவ், மிக்ஸி எதுவும் மூச்சு விடாது. எங்க வீட்டுக்காரர் மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2012 மின்வெட்டுக் காலத்தில் பால் வாங்கக்கூடத் தெருவில் தலைகாட்ட முடியாமல் இருந்தவர். தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“பார்த்தியா, பதினெட்டு மணி நேரம் கட். அதுவும் டாலர் கொடுத்து” என்றார்.

நான் சட்னியை எட்டே முக்காலுக்குள் அரைத்து முடித்தேன். மறக்கிற பழக்கமா அது?

தண்ணீர்க் கதை இதைவிட விசேஷம். நல்ல தண்ணீர் டேங்க் நாற்பது காலன். நூற்றைம்பது லிட்டர், நம் கணக்கில் பத்துக் குடம். பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், பாத்திரத்தைச் சிக்கனமாகக் கழுவுங்கள் என்று மாப்பிள்ளை பாடம் நடத்தினார். பாவம், யாருக்கு நடத்துகிறோம் என்று தெரியாமல் நடத்தினார். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்து நின்ற வில்லிவாக்கம் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்கு என்று ஒரு கோடையையே ஓட்டியவள் நான். ஞாயிறு காலை அளவுகாட்டியை அழுத்திப் பார்த்தவர், “அத்தை, டேங்க் குறையவே இல்லையே, சென்சார் ரிப்பேரா?” என்று கேட்டார்.

உண்மையில் மக்கர் செய்யும் சென்சார் வேறொன்று. கழிவறைக்கென்று தனி டேங்க் இருக்கிறது, கறுப்பு டேங்க் என்று பெயர். அது சீக்கிரம் நிறைந்துவிடக் கூடாதே என்று மாப்பிள்ளைக்குக் கவலை. நம் ஆட்களின் குவளைப் பழக்கம் அவருக்குத் தெரியும். மாமியாரிடம் இதை எப்படிப் பேசுவது? மகளைப் பின்பக்கம் அழைத்துப் போய் ரகசியமாகச் சொன்னார். மகள் முன்பக்கம் வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். இருபத்தைந்து அடி வீட்டில் ரகசியம் எவ்வளவு தூரம் போகும்? பரணிலிருந்து, “எனக்கும் கேட்டுச்சு” என்று குரல் வந்தது.

பேத்திக்கு இதில் எதுவும் பொருட்டில்லை. எல் கேப்பிட்டன் என்று ஒரு பாறை, அடிவாரத்திலிருந்து மூவாயிரம் அடி நட்டமாக நிற்கிறது. 2017-இல் அலெக்ஸ் ஹானல்ட் என்பவர் கயிறே இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் அதில் ஏறி முடித்தார். அதை மாப்பிள்ளை விவரித்துக்கொண்டிருக்க, பேத்தி பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, ஒரு சரளைக்கல்லை எடுத்து ஊதி என் கைப்பையில் போட்டாள். பிறகு இன்னொன்று. தேசியப் பூங்காவிலிருந்து கல்லை எடுத்துப் போவது சட்டப்படி குற்றம் என்றாள் மகள். சாயங்காலமானால் நான் பையைக் கவிழ்த்துக் கல்லை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுப்பதும், அவள் அதே கல்லை மறுபடி எடுத்துப் போடுவதுமாகப் பொழுது போயிற்று.

கல்லுக்கு அடுத்தபடியாக அவளுக்குப் பிடித்தது கரடிப் பெட்டி. இடத்துக்கு ஒன்று, பழுப்பு நிற இரும்புப் பெட்டி. வெளியே வைத்திருக்கும் தின்பண்டம் எல்லாம் அதற்குள் போய்விட வேண்டும். இங்கே இருப்பது கருங்கரடி. மோப்பம் என்றால் அப்படியொரு மோப்பம். குழந்தை சீட்டில் சிந்திய துணுக்கையும், துடைக்கிற ஈரத்தாளையும்கூட வண்டிகளில் விட்டுவைக்காதீர்கள் என்கிறார்கள். என் பெருங்காய டப்பாவை நானே போய் உள்ளே வைத்துத் தாழ்ப்பாளைப் போட்டேன். கரடிக் கைக்குச் சிக்காதபடி செய்த தாழ்ப்பாள் அது. பேத்தி அரை மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் சின்னக் கையை உள்ளே விட்டாள். முறுக்குப் பொட்டலத்தோடு வெளியே வந்தாள்.

ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை முகாமில் சத்தம் கூடாது. ஞாயிறன்று பேத்தி ஐந்து மணிக்கு எழுந்துவிட்டாள். அழுதுவிடப் போகிறாளே என்று தாத்தா பரணிலிருந்து இறங்கி, அவளைத் தூக்கி டிரைவர் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டார். சாவி இல்லையே, என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம். ஹாரனுக்குச் சாவி வேண்டாம் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரியவந்தது. அது லாரி ஹாரன். கரடி வந்தால் சத்தம் போட்டுத்தான் விரட்டுவார்களாம். சுற்றியிருந்த கூடாரங்களில் வரிசையாக டார்ச் எரிந்தது, யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள், ஒருவர் “எந்தப் பக்கம்?” என்று ஆங்கிலத்தில் கத்தினார். தாத்தா பேத்தியைக் கீழே குனிய வைத்துத் தானும் குனிந்துகொண்டார். அவள் மட்டும் தலையைத் தூக்கி, “இன்னொரு வாட்டி!” என்றாள்.

கிளம்பும்போது டேங்குகளைக் காலி செய்ய வேண்டும். அதற்கென்று முகாமிலேயே ஓரிடம், அங்கே ஒரு வரிசை. தலைதீபாவளிக்கு மோதிரம் போட்ட கையில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை குனிந்து குழாயைப் பொருத்தினார். முதலில் கறுப்பு டேங்க், அப்புறம் பாத்திரம் கழுவிய தண்ணீர் டேங்க்; இரண்டாவது போகிற போக்கில் குழாயைக் கழுவிவிடும். ஏற்பாட்டைச் செய்தவன் விவரமானவன். மரியாதைக்கு நான் ஹாஃப் டோம் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவ்வளவு நேரம் அந்த மலையை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்த மாப்பிள்ளை, “அடுத்த தடவை இந்தத் தொல்லையே வேண்டாம் அத்தை. தண்ணீர், கரண்ட், சாக்கடை மூணு கனெக்‌ஷனும் இருக்கிற இடமா பாத்து புக் பண்றேன். கொஞ்சம் வாடகை ஜாஸ்தி” என்றார்.

“அப்படி ஒரு இடம் முகப்பேர்ல இருக்கு மாப்பிள்ளை” என்றேன். “வாடகையே கிடையாது. தண்ணி மட்டும் சில வருஷம் ரயில்ல வரும்.”