மூச்சு விடாத கொம்பிரசர்

நோர்வேயில் ஒரு தமிழனுக்குச் சொந்தபந்தம் எத்தனை பேர் என்று அறியக் கலியாணம் வைக்கத் தேவையில்லை. கராஜில் ஒரு கொம்பிரசர் வாங்கி வைத்தால் போதும். நவம்பர் பிறக்கிற நேரம் கணக்குத் தெரிந்துவிடும்.

இந்த நாட்டின் தென்பகுதியில் ஆணி அடித்த குளிர்கால ரயர் நவம்பர் 1 முதல் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரை ஓடலாம். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை நாடே ஜாக்கியும் கையுமாகக் குந்தியிருக்கும். ரயரைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆனால், ஆறு மாதம் நிலவறையில் படுத்திருந்த ரயரில் காற்று இறங்கியிருக்கும். பெற்றோல் நிலையத்திலும் காற்று அடிக்கலாம்தான். அங்கே இஞ்சித் தேத்தண்ணி கொடுக்க மாட்டார்கள். ஒஸ்லோவிலிருந்து 40 கிலோமீற்றர் அளவில் இருக்கும் திராமனில், என் கராஜில், இரண்டும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை சரிவராது. 1995ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி ஞாயிறும் திருநாளும் அமைதிக்குரியவை. கொம்பிரசரின் தொண்டை அந்தச் சட்டத்துக்குள் அடங்குகிற தொண்டை அல்ல. மிஞ்சுவது சனிக்கிழமை. காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, பின்னேரம் நடன வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் அவ்வளவு பேரும் ஒரேயடியாக வந்து இறங்குவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை பார்த்துத்தான் கொம்பிரசர் மக்கர் பண்ணத் தொடங்கியது.

அது 2 குதிரைவலு மோட்டரும் 24 லீற்றர் தாங்கியும் கொண்ட சாதாரண வீட்டுச் சாமான். தாங்கி வெறுமையாக இருந்தால், சுவிச்சைப் போட்டதும் கடகடவென்று ஓடும். 8 பாருக்கு ஏறியதும் தானாக நிற்கும். இரண்டு ரயருக்கு அடித்தால் அழுத்தம் 6க்கு இறங்கும். அப்போது தானாகவே திரும்ப ஓட வேண்டும். அங்கேதான் சண்டித்தனம். 'ம்ம்ம்ம்' என்று உறுமும். சில்லு அசையாது. பிறகு பியூஸ் விழும். நாங்கள் இங்கே அதைச் சிக்ரிங் என்போம். கராஜின் சிக்ரிங்கில்தான் ஆட்டிறைச்சி கிடக்கிற ஆழ்குளிர்ப்பெட்டியும் தொங்குகிறது.

"ஆடு உருகினால் நீங்கள்தான் சமைக்கோணும்," என்று உள்ளேயிருந்து மனைவி அறிவித்தா.

நோய் என்று கேள்விப்பட்டதும் வைத்தியர்கள் எழுந்தார்கள். முதலாவது ஆள் மனைவியின் தம்பி. யூரியூப்பில் பட்டம் பெற்றவன்.

"கப்பாசிற்றர் செத்துப்போச்சு அத்தான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒற்றை பேஸ் மோட்டர் தானாகச் சுழலத் தொடங்காது, கப்பாசிற்றர்தான் முதல் உந்தலைக் கொடுக்கும். அது பழுதானால் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். ஆனால் வெறும் தாங்கியில் அருமையாக ஓடுகிறதே என்று கேட்டேன்.

"அப்ப பாதிதான் செத்திருக்கு," என்றான். நோயாளியை விடத் தீர்ப்பு முக்கியம் என்று நினைக்கிற வைத்தியன்.

அடுத்தவர் ஊரில் வயரிங் செய்தவர். சட்டைப் பையில் ரெஸ்டர் இல்லாமல் அவர் கோயிலுக்கும் போனதில்லை. பிளக்கின் ஒரு துவாரத்தில் குத்தினார், விளக்கு எரிந்தது. மற்றதில் குத்தினார், அதிலும் எரிந்தது. அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணை, இந்த வீட்டிலை நியூட்ரலே இல்லை. இவ்வளவு காலமும் எப்பிடிச் சீவிச்சனீங்கள்?"

நோர்வேயின் பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான். இரண்டு வயரும் உயிருள்ளவை. ஒவ்வொன்றுக்கும் நிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 130 வோல்ட், இரண்டுக்கும் இடையே 230. நாற்பது வருட அனுபவத்தை இரண்டு துவாரங்கள் கவிழ்த்துவிட்ட சோகத்தில் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பியூஸ் பெட்டியைத் திறந்து பார்ப்போமா என்று பிறகு மெதுவாகக் கேட்டார். வீட்டு வயரிங்கில் பதிவுபெற்ற மின்பணியாளர் தவிர வேறு யாரும் கைவைக்கக்கூடாது என்பது இங்கே சட்டம் என்றேன். ரெஸ்டர் சட்டைப் பைக்குத் திரும்பியது.

போகிற போக்கில் ஒரு நல்ல காரியம் செய்தார். நான் போட்டிருந்த நீளமான, மெல்லிய இணைப்பு வயரைக் காட்டி, "உதாலை வந்து சேரேக்குள்ளை கரன்ட் களைச்சுப்போகும்," என்றார். உண்மைதான். மோட்டர் புறப்படுகிற கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். மெல்லிய வயரில் வோல்ட் விழுந்துவிடும். கொம்பிரசரை நேரே சுவர்ப் பிளக்கில் செருகினோம். உறுமல் மட்டும் முன்னையை விடக் கம்பீரமானது.

மூன்றாமவர் எண்பதுகளில் நாட்டின் வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கத்தைய குளிர் அவருடைய வாயில் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது.

"ஒயில் இறுகியிருக்கு. பின்மார்க்கிலை நாங்கள்..." என்று தொடங்கி, ஒரு ஹீற்றரை எடுத்துவந்து கொம்பிரசருக்கு முன்னால் வைத்தார். இதுவும் பிழையான வைத்தியம் இல்லை. குளிரில் ஒயில் தடித்தால் பிஸ்டன் அசையச் சிரமப்படும். ஆனால் அந்த நோய் வெறும் தாங்கியிலும் தெரியும். சூடேறிய கொம்பிரசர் சூடாக உறுமியது.

நாலாமவர் மேடைப் பேச்சாளர். "ஊரில் நின்றுபோன வாழ்க்கையைப் புலத்தில் திரும்ப இயக்கிய எம்மைப் போன்றதே இந்த இயந்திரமும்..." என்று எடுத்தார். திராமனில் மலைக்குள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் சுரங்கப்பாதை ஒன்று உண்டு. ஸ்பிராலன் என்று பெயர். 1961இல் திறந்தது, 1650 மீற்றரில் 6 சுற்று. அதன் முடிவில் மலையுச்சி வந்து ஊர் முழுக்கத் தெரியும். இவருடைய பேச்சில் சுற்று மட்டும்தான், உச்சி வராது.

இத்தனைக்கும் இது கொம்பிரசரால் பேர் எடுத்த ஊர். 2011இலிருந்து, திராமன் குடாவின் கடல்நீரில் இருக்கிற 8 பாகை போன்ற அற்ப வெப்பத்தை உறிஞ்சி, அமோனியாவைக் கொம்பிரசரில் அமுக்கி, 90 பாகைச் சுடுதண்ணீராக்கிக் கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். நகரத்தையே சூடாக்குகிற கொம்பிரசர் அந்தப் பக்கம் ஓடுகிறது. இந்தப் பக்கம் என்னுடையது, நாலு வைத்தியர்களுக்கு நடுவில், அரை பார் காற்றுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது.

மூலையில் மடக்குக் கதிரையில் ஒரு ஐயா இருந்தார். மகனின் காருக்கு ரயர் மாற்ற வந்தவர், கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்தவர். தேத்தண்ணியை முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உது நிக்கேக்கை ஒண்டும் சொல்லேல்லையே?"

"நிக்கேக்கை என்ன ஐயா சொல்லோணும்?"

"புஸ் எண்டோணும்."

எல்லாரும் அது உறுமுவதையே கேட்டுக்கொண்டிருந்தோம். அது சொல்லாமல் விட்டதை அவர் கேட்டிருக்கிறார். ஊரில் அவரிடம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருந்ததாம். அந்த டீசல் எஞ்சினைக் கையால் சுற்றித்தான் எழுப்ப வேண்டும். அதற்கு முன் ஒரு சின்னப் பிடியைத் தூக்கி, உள்ளே அமுங்கும் காற்றை வெளியே விட வேண்டும். வேகம் பிடித்த பிறகு பிடியை விட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். "பிடியைத் தூக்காமல் சுத்தினா எஞ்சின் சுத்தாது, எங்கடை கைதான் சுத்தும்," என்று மணிக்கட்டைத் தடவினார்.

கொம்பிரசரில் அந்தப் பிடியைத் தூக்கிவிட ஆள் தேவையில்லை. அழுத்தச் சுவிச்சுக்குக் கீழே மிளகளவு வால்வு ஒன்று இருக்கிறது. மோட்டர் நிற்கிற கணத்தில் அது திறந்து, பம்புக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள குழாயில் அகப்பட்ட காற்றை வெளியே விடும். அந்தச் சத்தம்தான் 'புஸ்'. தாங்கியின் காற்று பின்னால் வராதபடி தாங்கி வாசலில் ஒருவழி வால்வு ஒன்று காவல் நிற்கும். மிளகு வால்வு இறுகிவிட்டால் அகப்பட்ட காற்று பிஸ்டன் தலையிலேயே குந்தியிருக்கும். 47 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டனில் 6 பார் என்றால் ஏறத்தாழ 100 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு எழும்பு என்றால் மோட்டர் உறுமாமல் வேறென்ன செய்யும்? ஆகவே, நின்றதும் ஒரு குட்டிப் புஸ் வந்தால் சுகம். வராவிட்டால் மிளகு வால்வு இறுகிவிட்டது. முடியாமல் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தால் காவல்கார வால்வு ஒழுகுகிறது.

பிளக்கைக் கழற்றி, தாங்கியின் அடித் திருகைத் திறந்து காற்றை முழுக்க விட்டோம். காற்றோடு சாயத்தண்ணி நிறத்தில் தண்ணீரும் வந்தது. காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து தாங்கியில் தங்கும், துருவும் பிறக்கும். மிளகு வால்வுக்குப் போகிற மெல்லிய குழாயைக் கழற்றிப் பார்த்தால், வால்வின் ஊசி துருவில் ஒட்டிக் கிடந்தது. துடைத்து, ஒரு சொட்டு ஒயில் விட்டு, விரலால் அமத்தினால் போய்வந்தது. பூட்டிவிட்டு ஓடவிட்டோம். 8 பாரில் 'டக்' என்று நின்றது. உடனே 'புஸ்!'

நாலு வைத்தியர்களும் ஒரே நேரத்தில், "நான் நினைச்சனான்," என்றார்கள்.

6 பாரில் அது முனகாமல் எழும்பி ஓடியது. அன்றைக்கு நின்ற அவ்வளவு ரயருக்கும் காற்று அடித்து முடித்தோம்.

அடுத்த சனிக்கிழமை நான் தேத்தண்ணி எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள், கராஜிலிருந்து பழைய உறுமல் கேட்டது. சிக்ரிங் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மனைவியின் தம்பி கையில் எபொக்சிப் பசையோடு நிற்கிறான்.

"அத்தான், நிக்கிற ஒவ்வொருக்காலும் காத்து லீக் அடிச்சுது. நல்லகாலம், நான் கண்டுபிடிச்சன். அந்த ஓட்டையை அடைச்சு விட்டிட்டன்."

வாசலில் மனைவி வந்து நின்றா. தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா.

"அவனுக்கு முதலே சொல்லியிருக்கலாந்தானே?"

பசை நன்றாக இறுகிவிட்டது. புதுச் சுவிச்சு வரும் வரை கொம்பிரசருக்கு விடுமுறை. அன்று பின்னேரம் வந்த அத்தனை பேருக்கும் காற்று இல்லை. ஆனால் ஆட்டுக்கறி இருந்தது. உப்பு மட்டாக இருந்ததாகச் சொன்னார்கள்.