ஏர் பிடிக்காத புரொபசர்

விவசாயத்தைப் பற்றிப் பேச விவசாயம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? டிவி விவாதங்களை விடாமல் பார்க்கிற நமக்கு இந்தக் கேள்வியே சிரிப்பு மூட்டும். ஆனால் இந்த நல்ல பழக்கத்துக்குப் பெரிய அளவில் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரு ஜெர்மன் மேதை. பெயர் யூஸ்டஸ் லீபிக். கீஸன் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி புரொபசர். உர மூட்டை, மண் பரிசோதனை, ஆஸ்பத்திரி சூப் என்று எதன் ஜாதகத்தைப் புரட்டினாலும் ஒரு கட்டத்தில் ஐயா உட்கார்ந்திருப்பார்!

1803-ல் டார்ம்ஸ்டாட் ஊரில் பிறந்தார். அப்பாவுக்குப் பெயின்ட், ரசாயனச் சரக்கு வியாபாரம். பையனுக்குப் படிப்பு சுமார்தான். ‘நீயெல்லாம் என்னவாகப் போகிறாய்?’ என்று வாத்தியார் கேட்க, ‘கெமிஸ்ட்’ என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அந்தக் காலத்தில் அது ஒரு பிழைப்பு என்றே யாருக்கும் தெரியாது. (நம் வீட்டுப் பையன் ‘யூடியூபர் ஆகப்போகிறேன்’ என்றதும் தாத்தா ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை!)

மருந்துக் கடையில் அப்ரன்டிஸாகச் சேர்த்துவிட்டார்கள். சில மாதங்களில் வீடு திரும்பினான். மாடியில் வெடிமருந்து செய்து கூரையைப் பிய்த்துவிட்டான், அதனால் துரத்திவிட்டார்கள் என்பது நாட்டில் உலவுகிற கதை. அப்பாவால் ஃபீஸ் கட்ட முடியவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். மேதைகளின் வாழ்க்கையில் ஃபீஸ் பாக்கிகூடக் கடைசியில் வெடி விபத்தாகிவிடும்!

பிறகு பாரிஸ். அங்கே கே-லூசாக் என்ற பெரிய விஞ்ஞானியிடம் வேலை. சோதனை சரியாக வந்தால் குருவும் சிஷ்யனும் கைகோத்து லேபிலேயே டான்ஸ் ஆடுவார்களாம். ஹம்போல்ட் என்ற இன்னொரு பெரிய மனிதர் சிபாரிசு செய்ய, 1824-ல், 21 வயதில், கீஸனில் புரொபசர். பல்கலைக்கழகத்தை ஒரு வார்த்தை கேட்காமல் அரண்மனையிலிருந்து நேராக ஆர்டர் வந்தது. லேப் வைக்கக் கிடைத்த இடம்? காலியாகக் கிடந்த பட்டாளத்துக் காவல் கட்டடம். அந்தக் கட்டடத்துக்குத்தான் பின்னால் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்தார்கள். அவரை வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையே சூட்டிக்கொண்டிருக்கிறது!

இதுவரை எல்லாம் சரி. 1840-ல்தான் மனிதர் வயலில் இறங்கினார். காலால் அல்ல, பேனாவால்!

செடி, மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழைச் சத்தைத் தின்று வளர்கிறது என்பது அதுவரை பெரியவர்கள் சொன்ன பாடம். ‘அபத்தம்’ என்றார் லீபிக். செடிக்கு வேண்டிய கார்பன் காற்றிலிருந்து வருகிறது. மண்ணிலிருந்து செடி எடுப்பது பொட்டாஷ், பாஸ்பேட் போன்ற தாது உப்புகளை. அறுவடையில் எதைக் கொண்டுபோகிறாயோ அதைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் மண் திவாலாகிவிடும். அடிப்படையில் இதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி. எனக்கு முன்னால் எழுதிய அத்தனை பேரும் மடையர்கள் என்ற தொனிதான் கொஞ்சம் தூக்கல்!

அவர் பெயரில் ஓடுகிற ‘குறைந்தபட்ச விதி’ உங்களுக்கும் தெரிந்திருக்கும். பருப்பும் காயும் எவ்வளவு கொட்டினாலும் உப்பில்லாத சாம்பார் சாம்பார் ஆகாது. பயிரும் அப்படித்தான். எந்தச் சத்து மிகக் குறைவோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். பிரமாதமான விதி! ஒரே ஒரு சின்ன விஷயம்: இதை அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே எழுதி வைத்தவர் கார்ல் ஸ்ப்ரெங்கல் என்ற இன்னொரு ஜெர்மன்காரர். அவருக்கு விவசாயமும் தெரியும், கெமிஸ்ட்ரியும் தெரியும். பாவம், மார்க்கெட்டிங் தெரியாது!

பின்னால் மனசாட்சி உறுத்தியோ என்னவோ, ஜெர்மனியின் விவசாய ஆராய்ச்சி நிலையங்களின் சங்கம் ஒரு பதக்கத்துக்கு ‘ஸ்ப்ரெங்கல்-லீபிக்’ என்று பெயர் வைத்தது. மெடலிலாவது ஸ்ப்ரெங்கல் முன்னால் நிற்கிறார்!

புத்தகம் எழுதியாயிற்று. அடுத்து? பிசினஸ்தான்! 1845-ல் இங்கிலாந்தில் மஸ்பிராட் என்ற ஆலை முதலாளியோடு சேர்ந்து காப்புரிமை உரம் தயாரித்தார் லீபிக். அப்போது அவருக்கு ஒரு பயம். உப்புச் சத்தைத் தூவினால் மழையில் கரைந்து ஓடிவிடுமே? மூளைக்காரர் இல்லையா, வழி கண்டுபிடித்தார். பொட்டாஷையும் பாஸ்பேட்டையும் சுண்ணாம்போடு சேர்த்து உலையில் உருக்கினார். கரையவே கரையாத உரம்! மழையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பயிராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை!

போதாக்குறைக்கு அந்த உரத்தில் தழைச்சத்தே (அதாவது நைட்ரஜன்) கிடையாது. ‘வேண்டிய அம்மோனியா மழையோடு வருகிறதே, காசு கொடுத்து எதற்கு?’ என்பது புரொபசரின் கணக்கு. கோதுமைக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. காசு கொடுத்து வாங்கிய விவசாயிகள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே அச்சிட முடியாது. அதே 1845-ல் அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது!

மழை உரத்தை அடித்துக்கொண்டு போய்விடாதா? 1850-ல் வே என்ற ஆங்கிலேய ரசாயனக்காரர் சோதித்துப் பார்த்தார். அம்மோனியாவையும் பொட்டாஷையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதாவது லீபிக் உலை வைத்து உருக்கியது முழுக்க வீண். பின்னாளில் லீபிக்கே ஒப்புக்கொண்டார், எப்படித் தெரியுமா? படைத்தவனின் ஞானத்தையே திருத்தப் பார்த்தேன், அதற்குத் தண்டனை கிடைத்தது என்ற தோரணையில். தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் எதிர்த்தரப்பில் கடவுளுக்குக் குறைந்த ஆளை அவர் நிறுத்தவில்லை!

கடவுள் இருக்கட்டும். பூலோகத்தில் அவருக்கு ஒரு வில்லன் கிளம்பியிருந்தார். ஜான் பென்னட் லாஸ், இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையின் ஜமீன். ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் பட்டம் வாங்காமல் திரும்பியவர். எலும்பில் கந்தக அமிலம் ஊற்றி சூப்பர் பாஸ்பேட் செய்து 1842-ல் காப்புரிமை வாங்கினார். (எலும்பில் அமிலம் ஊற்றும் யோசனை லீபிக்கின் 1840 புத்தகத்திலேயே இருந்தது. ஸ்ப்ரெங்கல் சிரித்திருப்பார்!) அதே வருஷம் கல்யாணம். புது மனைவியைத் தேம்ஸ் நதியில் படகில் அழைத்துக்கொண்டு ஹனிமூன் கிளம்பினார். காதல் பொங்கிக் கரையை நோக்கி அவர் கை நீட்டியது, உரத் தொழிற்சாலைக்குத் தோதான இடம் பார்க்கத்தான் என்கிறார்கள்!

1843-ல் லாஸ் தனக்கு உதவியாக ஒரு கெமிஸ்டை வேலைக்கு வைத்தார். ஜோசப் ஹென்றி கில்பர்ட். எங்கே படித்தவர்? கீஸனில்! யாரிடம்? சாட்சாத் லீபிக்கிடம்! குருவின் உரத்தைக் குழி தோண்டிப் புதைக்க சிஷ்யனே மண்வெட்டியோடு வந்து சேர்ந்தான்!

இருவரும் செய்தது மகா சாதாரணமான காரியம். பிராட்பாக் என்ற வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குத் தொழு உரம். ஒன்றுக்குத் தாது உப்பு மட்டும். இன்னொன்றுக்கு உப்போடு தழைச்சத்து. ஒரு பட்டைக்கு எதுவுமே கிடையாது, சுத்தப் பட்டினி. எல்லாவற்றிலும் கோதுமை. பிறகு எடை போட்டார்கள். தழைச்சத்து பெற்ற பட்டை கொழித்தது, லீபிக் பாணிப் பட்டை மெலிந்தது. லீபிக் விடுவாரா? வருஷக்கணக்கில் எழுதித் திட்டினார். இவர்கள் பதிலுக்கு மறு வருஷமும் கோதுமை விதைத்தார்கள். 57 வருஷம் சேர்ந்து விதைத்தார்கள்!

இதற்கிடையில் லீபிக் மனித உடம்புக்குத் தாவியிருந்தார். தென் அமெரிக்காவில் தோலுக்காக மாட்டை அறுத்துவிட்டு இறைச்சியைத் தூக்கி எறிகிறார்கள் என்று கேள்விப்பட்டவர், அதைக் காய்ச்சி வடித்து ஏழைகளுக்குச் சத்துணவாக்கலாம் என்றார். 1865-ல் கம்பெனி பிறந்தது. உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் ஆலை. சுமார் 30 கிலோ இறைச்சிக்கு 1 கிலோ எக்ஸ்ட்ராக்ட். ஜாடி மேல் புரொபசர் பெயர். நோயாளிக்குத் தெம்பு, பட்டாளத்துக்குப் பலம் என்று விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. சத்து எங்கே என்று மற்ற விஞ்ஞானிகள் தோண்டியபோது, புரதமும் கொழுப்பும் ஜாடிக்குள் வரவே இல்லை என்று தெரிந்தது. ‘சாப்பாடு என்று யார் சொன்னது? டீ, காபி மாதிரி ஒரு சுறுசுறுப்பு’ என்கிற அளவுக்கு இறங்கி வந்தார் லீபிக். வடிகட்டியதில் சத்து போய்விட்டது, ருசி மட்டும் மிஞ்சியது!

இறைச்சியை முதலில் சுள்ளென்று சுட்டால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்று சமையல் நிகழ்ச்சிகளில் சொல்கிறார்களே, அதுவும் லீபிக் கிளப்பிவிட்டதுதான். சோதித்துப் பார்த்தால் அப்படி எதுவும் அடைபடுவதில்லை. 175 வருஷமாக உலகச் சமையலறைகளில் சாறுக்குப் பதில் அந்த நம்பிக்கைதான் வெளியேறாமல் இருக்கிறது!

லீபிக் 1873-ல் காலமானார். லாஸும் கில்பர்ட்டும் போனார்கள். பிராட்பாக் மட்டும் போகவில்லை. உலகப் போர்கள் இரண்டு வந்தும் அங்கே கோதுமை விதைப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது, பட்டினிப் பட்டை உட்பட. அறுத்த தானியத்தையும் எடுத்த மண்ணையும் லேபிள் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என்றைக்கோ செத்துப்போனவர் சீல் வைத்த கோதுமை, இன்றைக்கும் அலமாரியில்!

அந்தச் சேமிப்பைப் பிரித்து ஆராய்ந்து 2008-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். 1845 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை கோதுமையில் துத்தநாகம், இரும்பு, செம்பு, மெக்னீசியம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு குட்டை ரக, அதிக மகசூல் கோதுமை வந்தது; இவை நான்கும் சரியத் தொடங்கின. மண் வற்றிவிட்டதா? இல்லை, மண்ணில் அவை குறையவே இல்லை. நாம் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தோம், மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை!

‘சீமைக் கதை நமக்கெதற்கு?’ என்கிறீர்களா? 1889-ல் இந்திய விவசாயத்தை முன்னேற்ற யோசனை சொல்ல ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். அவர் செய்த புதுமை, வயலுக்குப் போய்ப் பார்த்தது! நல்ல இந்திய விவசாயி சராசரி ஆங்கிலேய விவசாயிக்குச் சளைத்தவன் இல்லை, சில விஷயங்களில் ஒரு படி மேல் என்று அறிக்கை எழுதினார். சாணியை வரட்டி தட்டி எரிக்காமல் வயலுக்குக் கொடுங்கள். அதற்கு முதலில் மக்களுக்கு விறகு கிடைக்க மரம் வளருங்கள் என்றார். பாடம் நடத்த வந்தவர் சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார்!

லீபிக்கைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் தப்பாகச் சொல்லாமல் இருந்திருந்தால் பிராட்பாக்கில் இவ்வளவு வீம்பாக யாரும் விதைத்திருக்க மாட்டார்கள். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அறிவித்துவிட்டு மண்ணைக் கேட்பதற்குப் பதில், மண்ணைக் கேட்டுவிட்டு அறிவிக்கிற பொறுமை.

நமக்கு அந்தப் பொறுமை உண்டா? மண்வள அட்டையில் 12 விஷயங்களைச் சோதித்து எழுதிக் கொடுக்கிறார்கள். அதை பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டு, பக்கத்து வயல்காரர் போட்டார் என்று நாமும் இரண்டு மூட்டை யூரியா கூடுதலாகப் போடுகிறோம். குறைவது துத்தநாகமாக இருந்தால் யூரியா என்ன செய்யும்? அடுத்த போகத்துக்கு உரக்கடைக்குப் போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.