காலில் கட்டி, நுரையீரலில் ஆபத்து

கே: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். டாக்டரோ நுரையீரலைப் பற்றி எச்சரிக்கிறாரே?
– வாசகி, கும்பகோணம்

ப: சரியாகத்தான் சொல்கிறார். படுத்தே இருந்தால் காலில் ரத்த ஓட்டம் மந்தமாகும். அறுவையில் ரத்த நாளம் காயப்படும். ரத்தமும் எளிதில் உறையும். இப்படிக் கால் சிரையில் உருவாகும் கட்டி பிய்த்துக்கொண்டு, இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

கே: மறுநாளே நடக்கச் சொல்வது கொடுமை இல்லையா?
– வாசகர், தேனி

ப: படுக்கவைப்பதுதான் கொடுமை! கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. டாக்டர் அனுமதித்ததும் நடக்கவையுங்கள். அதுவரை படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும்.

கே: தினமும் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். தேவையா?
– வாசகி, நாகர்கோவில்

ப: அது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை மருந்தாக இருக்கும். லண்டன் மருத்துவர் விஜய் கக்கர் தலைமையில் பல நாடுகளில் 4,121 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1975இல் வெளியானது. ஹெப்பாரின் போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள்; போட்டவர்களில் 2 பேர்தான். ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு என்பதால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கே: டிஸ்சார்ஜ் ஆனதும் மருந்தை நிறுத்தலாமா?
– வாசகர், சேலம்

ப: நீங்களாக நிறுத்தவே கூடாது. கட்டி வீட்டிலும் உருவாகும். இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பின் 35 நாள் வரைகூட மருந்து தருவதுண்டு. வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்குப் பின் பலருக்கு 4 வாரம்.

கே: அப்பாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்து நீவலாமா?
– வாசகி, விருதுநகர்

ப: வேண்டவே வேண்டாம். உள்ளே கட்டி இருந்தால் நகர்ந்துவிடக்கூடும். இன்றே டாக்டரிடம் காட்டி டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

கே: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
– வாசகர், அரியலூர்

ப: திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் – இவற்றில் எது வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன், “ரத்தக்கட்டி வராமல் தடுக்க என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.