மோட்1 முதல் மோட்5 வரை: பணியிடங்களுக்கு வேலை கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
டெர்மினலே கதியென்று கிடக்கும் ஒரு பயனர்.

பெறுநர்
திரையையும் கீபோர்டையும் ஆளும் மேன்மைதங்கிய எக்ஸ் சர்வர் அவர்கள்,
மாடிஃபையர் பணியமைப்புப் பிரிவு.

பொருள்: ஆல்ட் விசை – மெட்டா பதவியின் கூடுதல் பொறுப்பை முறையாக வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நெறிமுறை, பதினோராம் பதிப்பு, செப்டம்பர் 1987.

ஐயா,

1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்து, மூன்றே ஆண்டில் பதினோராம் பதிப்பை எட்டி, அதன்பின் எண்ணை மாற்றும் ஆசையையே துறந்துவிட்ட தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். வேறு யாரிடம் போனாலும் 'மேலே கேளுங்கள்' என்கிறார்கள். மேலே தாங்கள்தான் இருக்கிறீர்கள்.

பார்வையில் கண்ட நெறிமுறையில், வேறு விசையோடு சேர்த்து அழுத்தும் மாடிஃபையர்களுக்கென்று எட்டுப் பணியிடங்கள் தோற்றுவிக்கப்பட்டன. ஷிஃப்ட், லாக், கன்ட்ரோல் மூன்றுக்கும் பெயரிலேயே வேலை இருக்கிறது. மீதி ஐந்துக்கு மோட்1, மோட்2 என்று மோட்5 வரை எண் போட்டதோடு சரி. என்ன வேலை, யார் செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டால், 'வழிவகை செய்து தருவோம், கொள்கை வகுக்க மாட்டோம்' என்ற தங்கள் புகழ்பெற்ற கோட்பாட்டைக் காட்டுகிறார்கள். நல்ல கோட்பாடுதான். முடிவெடுக்கும் வேலை அதனால் ஒழிந்துவிடவில்லை, ஐயா. மேசைக்கு மேசை இறங்கி, கடைசியில் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

எக்ஸ்மோட்மேப் கட்டளையை வெறுமனே ஓட்டினால் தங்கள் வருகைப் பதிவேடு திரையில் வரும். பல லினக்ஸ் கணினிகளில் காணக்கூடியது இது: மோட்1-இல் ஆல்ட், கூடவே மெட்டா. மோட்2-இல் நம் லாக் (எண் பூட்டு). மோட்3 காலி. மோட்4-இல் சூப்பர், கூடவே ஹைப்பர். மெட்டாவின் பணியாளர் எண் 205, ஹைப்பரின் எண் 207. இந்த எண்களில் சாதாரண கீபோர்டு எதிலும் விசை கிடையாது. இருவரும் எம்.ஐ.டி.யின் லிஸ்ப் இயந்திரங்களுக்காகச் செய்த 'ஸ்பேஸ் கேடட்' பலகையில் உண்மையாகவே இருந்து உழைத்தவர்கள். பலகை போய்விட்டது, பெயர்கள் மட்டும் பதிவேட்டில் தொடர்கின்றன. சம்பளம் யார் வாங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

என் குறைக்கு வருகிறேன். டெர்மினலில் ஒரு சொல் தாண்டிப் போக மெட்டாவையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். மெட்டா இல்லாததால் ஆல்ட்டை அழுத்துகிறேன். கர்சர் அசையாமல், ஏ-யும் இ-யும் ஒட்டிப் பிறந்த டேனிஷ் எழுத்து ஒன்று வந்து உட்காருகிறது. காரணம் இருக்கிறது: எழுத்துகள் ஏழு பிட்டுக்குள் அடங்கிய நாளில், எட்டாவது பிட்டை ஏற்றிவிடுவதுதான் மெட்டாவின் வேலை. எஃப் 102, அதோடு 128 சேர்ந்தால் 230. பிற்காலத்தில் அந்த மேல்மாடியில் லத்தீன்-1 எழுத்துகள் குடியேறிவிட்டன. 230-ஆம் வீட்டில் இருப்பவர் அந்த டேனிஷ்காரர். பழைய முகவரிக்குப் போன தபாலை அவர் வாங்கி வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

தீர்வும் இருக்கிறது. மெட்டா அழுத்தப்பட்டால் எட்டாவது பிட்டைத் தொடாமல், முன்னால் ஒரு எஸ்கேப்பை, அதாவது 27-ஐ, அனுப்பு என்று எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலுக்குச் சொல்ல வேண்டும். 'மெட்டா சென்ட்ஸ் எஸ்கேப்' என்ற அமைப்பை ஆம் என்று எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் எழுதி, எக்ஸ்ஆர்டிபி வழியாக ஏற்றிப் புது ஜன்னல் திறந்தால் கர்சர் சொல் தாண்டுகிறது. ஆனால் பக்கத்திலேயே 'ஆல்ட் இஸ் நாட் மெட்டா' என்று இன்னொரு அமைப்பு. கையேட்டின்படி, இதற்கு ஆம் என்றால் ஆல்ட்டை மெட்டாவாகவே நடத்த வேண்டுமாம். தலைப்புக்கு நேர்மாறாக உத்தரவிடும் சுற்றறிக்கையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மெனு பட்டையுள்ள டெர்மினல்களில் கதை வேறு. அங்கே ஆல்ட்-எஃப் ஃபைல் மெனுவைத் திறக்கும். எஃப்10-உம் மெனுவுக்கே போய்விடும் என்பதால், மிட்நைட் கமாண்டர் என்ற கோப்பு மேலாளருக்குள் நுழைந்தவர், அதன் வெளியேறும் விசையான எஃப்10-ஆல் வெளியேற வழியில்லை.

இமேக்ஸ் எடிட்டரின் நடத்தை இன்னும் நுட்பமானது. மெட்டா எந்தப் பணியிடத்தில் இருக்கிறார் என்று அது பதிவேட்டைப் பார்க்கிறது. ஆல்ட்டும் அவரும் ஒரே இடத்தில் இருந்தால் ஆல்ட்டே மெட்டா. யாரோ நல்லெண்ணத்தில் விண்டோஸ் விசைக்கு மெட்டாவை மாற்றிக் கொடுத்துவிட்டால், 'மெட்டா தனியே இருக்கிறாரே' என்று ஆல்ட்டின் கூடுதல் பொறுப்பை அது உடனே பறித்துவிடும். இருபது வருடம் பழகிய விரல் தெருவில் நிற்கும்.

நம் லாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்2-இல் அவர் விளக்கேற்றி உட்கார்ந்தாலே அதுவும் ஒரு மாடிஃபையர் அழுத்தப்பட்டதாகத் தங்கள் கணக்கில் சேர்கிறது. ஆகவே ஒரே குறுக்குவிசையை எதுவும் இல்லாமல், நம் லாக்கோடு, கேப்ஸ் லாக்கோடு, இரண்டோடும் என்று விண்டோ மேனேஜர் நான்கு முறை பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான்கு நகல் கேட்பது மனிதர்களின் அலுவலகத்தில்தான் என்று நினைத்திருந்தேன்.

கேப்ஸ் லாக் கன்ட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது தங்கள் குற்றமன்று. 1981-இல் வந்த ஐ.பி.எம். பிசியின் பலகையில் ஏ எழுத்துக்கு இடப்பக்கம் கன்ட்ரோல்தான் இருந்தது. 101 விசைப் பலகையில்தான் அந்த நாற்காலி கைமாறியது. எக்ஸ்கேபி என்ற கீபோர்டு அமைப்பில் 'நோ கேப்ஸ்' விருப்பத்தை இட்டு என் வீட்டில் அதை மீட்டுவிட்டேன்.

எக்ஸ்மோட்மேப்பில் இட்ட ஆணைகளுக்கு ஆயுள் குறைவு என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். புது யுஎஸ்பி கீபோர்டைச் செருகினால் ஆணை ரத்து. செட்எக்ஸ்கேபிமேப்பை ஓட்டினாலும் ரத்து. தங்கள் வாரிசு வேலண்ட்டின் செயலிகளோ அந்த ஆணையை வாங்கிப் பார்ப்பதேயில்லை. ஆனால் எக்ஸ்கேபியை மட்டும் அவரும் சீதனமாக எடுத்துப் போயிருக்கிறார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எக்ஸ்கேபி விருப்பங்களிலேயே எழுதுகிறார்கள். தெரியாதவர்கள் ஒவ்வொரு முறை கீபோர்டைக் கழற்றி மாட்டும்போதும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆகவே, மோட்1-க்கு நிரந்தரமாக ஒரு வேலையை எழுத்தில் தரவும், மோட்3-ஐ நிரப்பவும் அல்லது ஒழிக்கவும், 205-ஆம், 207-ஆம் எண் பணியாளர்களை ஒருமுறையாவது நேரில் வரவழைத்துக் கையொப்பம் பெறவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். கொள்கை முடிவு என்பதால் இயலாதென்றால், அதையாவது எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆல்ட்டும் எஃபும் அழுத்திக் காத்திருப்பவர்.

நகல்: ஹைப்பர், எண் 207, மோட்4 – பதிவேட்டில் உள்ள முகவரிக்கு, ஒப்புகை அட்டையுடன்.