ஃப்யூஸ் போனால் ரீஸ்டார்ட்

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மூன்றையும் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு சிஎஸ்இ என்னும் கம்ப்யூட்டர் சயின்ஸ், கொஞ்சம் சிந்திய பிள்ளைக்கு ட்ரிபிள்-இ என்னும் எலக்ட்ரிகல் என்பது ஊர் வகுத்த நீதி. ஆனால், சிஎஸ்இக்காரர்கள் வேலைக்குக் கனவு காணும் மைக்ரோசாஃப்டின் தலைவர் சத்யா நாதெள்ளா மணிப்பாலில் படித்தது எலக்ட்ரிகல். செயற்கை நுண்ணறிவுக்குச் சில்லு விற்கும் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் படித்ததும் அதுவே. நம் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இருவரையும் காப்பாற்றியிருப்பார்கள்.

நாதெள்ளா பிறகு அமெரிக்கா போய்க் கம்ப்யூட்டர் சயின்ஸும் படித்தாரே என்பீர்கள். படித்தார், எலக்ட்ரிகலிலிருந்து அங்கே போக வழி உண்டு என்பதற்கு அவரே சாட்சி. கேம்பஸ் இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ட்ரிபிள்-இ மாணவரையும் எடுக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் வடிவமைக்க சிஎஸ்இ மாணவரை யாரும் தேடுவதில்லை. எலக்ட்ரிகல் கோர் வேலையில் ஆரம்பச் சம்பளம் குறைவு என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால், சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதத்தைத் தரவு மையங்களே விழுங்கின. நிரல் எழுத எந்திரமே கற்றுக்கொண்டுவிட்டது. அதற்குக் கரண்ட் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். அதற்கும் சிஎஸ்இ பட்டதாரியையே அனுப்பலாம். ஃப்யூஸ் போனால் ரீஸ்டார்ட் செய்து பார்ப்பார்.